வாங்குபவர் ஒருவர், குப்பையைச் சுமப்பவர் வேறொருவர்

2025 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து கடைகளில் சொப்பிங் பைகளை இலவசமாகக் கொடுக்க முடியாது. பையின் விலையைக் காட்சிப்படுத்த வேண்டும், பற்றுச்சீட்டில் தனியாகக் குறிப்பிடவும் வேண்டும் என்பது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் உத்தரவு. அதன் பிறகு காசாளர் மேசைக்கு முன்னால் நடக்கும் வாக்குவாதங்களை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆயிரக்கணக்கில் பொருள் வாங்குகிறோம், ஒரு பைக்கும் காசா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

கோபம் விளங்கக்கூடியதுதான். ஆனால் பையைப் பற்றி இவ்வளவு பேசும் நாங்கள், பைக்குள் போகும் பொருட்களைப் பற்றிப் பேசுவதில்லை. பை இன்றைக்கே குப்பைக்குப் போகிறது. உள்ளே இருப்பவற்றில் கணிசமானவை சில மாதங்களிலோ ஓரிரு வருடங்களிலோ அதே குப்பைமேட்டுக்குத்தான் போகப் போகின்றன. அவற்றில் எத்தனை எங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டன? தேவைப்படாத பொருளுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? கடையில் கட்டிய பணத்தோடு அந்தக் கணக்கு முடிந்துவிடுவதில்லை என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

டொலரால் அளந்த தேவை

எது அத்தியாவசியம், எது அத்தியாவசியமற்றது என்ற கேள்வியை இந்த நாடு அண்மையில் ஒருமுறை சந்தித்தது. 2021 செப்டெம்பரில் மத்திய வங்கி 623 பொருட்களை அத்தியாவசியமற்றவை என்று வகைப்படுத்தி, அவற்றை இறக்குமதி செய்வோர் நூறு வீதப் பணத்தையும் முற்கூட்டியே வங்கியில் வைப்பிலிட வேண்டும் என்றது. கைத்தொலைபேசிகளும் வீட்டு மின்சாதனங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் சொக்லேட், வாசனைத் திரவியம், ஷாம்பு உட்பட 300 இற்கும் மேற்பட்ட பொருட்களின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது.

அந்த நாட்களில் சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. பழுதான மின்விசிறியைத் திருத்திப் பாவித்தோம். பழைய கைத்தொலைபேசிக்கு மின்கலம் மாற்றினோம். ஆனால் அது விரும்பி ஏற்ற சிக்கனம் அல்ல. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற காலத்தை எளிமையின் பொற்காலம் என்று எவரும் புகழ வேண்டியதில்லை.

அன்று தேவையை அளந்த அளவுகோல் டொலர் மட்டுமே. ஒரு பொருள் எவ்வளவு காலம் பயன்படும், பயன்பட்ட பின் எங்கே போகும் என்று எவரும் கேட்கவில்லை. ஆகவே டொலர் திரும்பியதும் கதவுகளும் திறந்தன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிகூட, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இதில் அரசு நடுநிலையான பார்வையாளர் அல்ல. ஒரு பொருள் துறைமுகத்தில் இறங்கும்போது சுங்கத் தீர்வை திறைசேரிக்குப் போகிறது. விற்கப்படும்போது 18 வீத வற் வரியும் அங்கேயே போகிறது. அதே பொருள் குப்பையாகும்போது அதை அள்ளும் கடமை மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியது. வருமானம் கொழும்புக்கு, கழிவு உள்ளூருக்கு. உழவு இயந்திரத்துக்கு டீசல் அடிக்கவே கணக்குப் பார்க்கும் ஒரு பிரதேச சபை, தான் வரவழைக்காத, தான் வரி பெறாத பொருட்களின் சவங்களைச் சுமக்கிறது. இந்த முரண் தீராதவரை இங்கு கழிவு முகாமைத்துவம் என்பது குப்பையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும் வேலையாகவே இருக்கும்.

ஆசை தானாக வருவதில்லை

மிகை நுகர்வு என்றவுடன் மக்களின் பேராசையைக் குறை சொல்வது எளிது. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2024 இல் இலங்கையில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வறுமையில் இருந்தார். அவர்களிடம் போய்க் குறைவாக வாங்குங்கள் என்று சொல்வது கொடுமை. அவர்களுடைய பிரச்சினை போதிய அளவு வாங்க முடியாதது. இக்கட்டுரை அவர்களுக்கானது அல்ல. கையில் கொஞ்சம் மிஞ்சுகிறவர்களுக்கும், மிஞ்சாவிட்டாலும் மிஞ்சுவதுபோல் காட்ட வேண்டிய நெருக்குதலில் இருப்பவர்களுக்குமானது.

அந்த நெருக்குதல் தயாரிக்கப்படுகிறது. நவம்பர் 11 சீனாவில் தனித்திருப்போர் நாள் என்று மாணவர்கள் விளையாட்டாகக் கொண்டாடிய தினம். 2009 இல் அலிபாபா நிறுவனம் அதை மலிவு விற்பனை நாளாக்கியது. அதே நிறுவனம் 2018 இல் தராஸை வாங்கியது. இன்று வவுனியாவில் இருக்கும் ஒரு பிள்ளையும் பதினொன்று பதினொன்று என்று நாள் எண்ணுகிறது. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புத்தாடை வாங்கிய சமூகத்துக்கு இப்போது மாதத்துக்கொரு விற்பனைத் திருவிழா. கையில் காசில்லையென்றாலும் தடையில்லை, மூன்று தவணையில் கட்டலாம் என்கின்றன செயலிகள்.

எங்கள் வீட்டு வைபவங்களும் இதற்குள் வந்துவிட்டன. சாமத்திய வீடும் பிறந்தநாளும் இன்று வடக்கில் ஒரு தொழிற்துறை. மண்டபம், மேடை அலங்காரம், ட்ரோன் ஒளிப்பதிவு, வருகிறவர் ஒவ்வொருவருக்கும் பெயர் அச்சிட்ட ஒரு நினைவுப் பொருள். புலம்பெயர்ந்த உறவினர் ஒருவர் செலவழித்ததைப் பார்த்து, இங்கே சம்பளத்தில் வாழும் குடும்பம் நகையை அடகு வைக்கிறது. யாழ்ப்பாணத்தில் இப்படியான மண்டபங்களின் பின்புறத்தை மறுநாள் காலையில் நான் பார்த்திருக்கிறேன். பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல்கள், கடற்பஞ்சு போன்ற றெஜிபோம் எழுத்துக்கள், செயற்கைப் பூக்கள், அவற்றுக்கு நடுவே சோறு. அந்தச் சோறு தனியாக இருந்திருந்தால் மாட்டுக்குப் போயிருக்கும், அல்லது உக்கிப் பசளையாகியிருக்கும். பிளாஸ்டிக்குடன் கலந்ததால் எதற்கும் உதவாது போயிற்று. இலங்கையின் நகரக் கழிவில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. அதைக் கெடுப்பது அதனுடன் கலக்கும் மிகுதிதான்.

இன்னொரு பக்கம், பொருட்களே நீடித்து உழைக்காதபடி செய்யப்படுகின்றன. இது புதிய தந்திரம் அல்ல. 1924 இல் ஐரோப்பிய, அமெரிக்க மின்குமிழ் உற்பத்தியாளர்கள் ஜெனீவாவில் ஃபீபஸ் என்ற பெயரில் கூட்டுச் சேர்ந்து, ஒரு குமிழ் 1000 மணித்தியாலத்துக்கு மேல் எரியக்கூடாது என்று தமக்குள் முடிவு செய்தார்கள். அதைவிட நீண்ட காலம் எரிந்த குமிழ்களைத் தயாரித்தவர்களுக்குத் தண்டப்பணமும் விதித்தார்கள். இன்று மின்கலத்தைக் கழற்ற முடியாதபடி ஒட்டப்பட்ட கைத்தொலைபேசி அந்த வழியில் வந்ததுதான். நான் வழக்கமாகப் போகும் திருத்துநர், உதிரிப்பாகத்தின் விலையும் தன் கூலியும் சேர்ந்தால் புதிதாகவே ஒன்று வாங்கலாம் என்று பல சாதனங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். தன் தொழில் மெல்லச் சாகிறது என்பது அவருக்கும் தெரியும்.

கீழ்நோக்கி ஓடும் குப்பை

மழைநீர் பள்ளத்தைத் தேடுவதுபோல, குப்பையும் பலம் குறைந்தவரின் இடத்தைத் தேடிப் போகிறது.

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினம். கொழும்பு நகரின் கழிவுகள் பல ஆண்டுகளாகக் குவிக்கப்பட்ட மீதொட்டமுல்ல குப்பைமலை சரிந்து, கீழே இருந்த வீடுகளை மூடியது. 32 பேர் உயிரிழந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன. அந்த மலையை உருவாக்கியவர்கள் அங்கே வாழவில்லை. அங்கே வாழ்ந்தவர்கள் அதை அகற்றச் சொல்லி வருடக்கணக்காகப் போராடியவர்கள்.

அதன் பின் கொழும்பின் குப்பை எங்கே போனது? ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தள்ளி, புத்தளம் மாவட்டத்தின் அருவக்காட்டில் சுண்ணக்கல் அகழ்ந்த நிலத்துக்கு. தங்கள் ஊருக்கு வேறு ஊரின் கழிவு வேண்டாம் என்று புத்தளம் மக்கள் மாதக்கணக்காக வீதியில் நின்றார்கள். ஆயினும் 2019 இல் குப்பை வந்து சேர்ந்தது.

அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில், குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கை உண்டு எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 இல் செய்திகள் வெளியாகின. இறந்த யானைகளின் வயிற்றில் பொலித்தீனும் உணவு சுற்றும் தாள்களும் இருந்தன. காட்டில் உள்ள யானைக்கு எங்கள் மதியச் சாப்பாட்டுப் பொதியின் உறையைத் தின்னக் கொடுத்திருக்கிறோம்.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். மாநகரக் கழிவுகள் பல ஆண்டுகளாகக் கல்லுண்டாய் வெளியில் கொட்டப்படுகின்றன. அங்கே அடிக்கடி தீ பிடிக்கிறது. புகையைச் சுவாசிப்பவர்கள் சுற்றியுள்ள குடியேற்றங்களில் இருப்பவர்கள். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல் படுக்கையில் தேங்கும் நிலத்தடி நீரைத்தான் கிணறுகளில் அள்ளிக் குடிக்கிறோம். வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்த அந்தக் கல், மேலே கொட்டுவதை வடிகட்டாமல் கீழே விட்டுவிடும். வீட்டு எல்லைக்கு வெளியே எறிந்தது எங்கள் கிணற்றுக்குத் திரும்பி வருவதற்கு அதிக தூரம் இல்லை.

நாடுகளுக்கு இடையிலும் இதே விதிதான். 2017 முதல் 2019 வரை, பாவித்த மெத்தைகள், கம்பளங்கள் என்ற பெயரில் பிரித்தானியாவிலிருந்து நூற்றுக்கணக்கான கொள்கலன்கள் கொழும்புக்கு வந்தன. அவற்றில் மருத்துவக் கழிவுகளும் இருந்தன. நீதிமன்றப் படியேறிய பின்னரே, 263 கொள்கலன்களும் 2020 செப்டெம்பரிலிருந்து 2022 பெப்ரவரி வரை கட்டம் கட்டமாகத் திருப்பியனுப்பப்பட்டன. எங்கள் முகத்தில் அவர்கள் குப்பையை வீசியபோது எங்களுக்கு ரோசம் வந்தது. கொழும்பு புத்தளத்துக்குச் செய்வதும், நகரம் கல்லுண்டாய்க்குச் செய்வதும் அதிலிருந்து எந்த வகையில் வேறு?

எங்கள் ஆடைத் தொழிற்சாலைகளில் பெண்கள் இலக்கு வைத்துத் தைக்கும் உடுப்புகளும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. உலகின் செல்வந்த நாடுகளில் சில தடவை அணிந்து கழிக்கப்படும் உடைகள் கானாவின் சந்தைகளிலும் சிலியின் அட்டகாமா பாலைவனத்திலும் மலையாகக் கிடக்கின்றன. ஐ.நா. சுற்றாடல் திட்டத்தின் கணக்கில் ஆண்டுக்கு 92 மில்லியன் தொன் துணி கழிவாகிறது. விற்காத ஆடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை 2026 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வருகிறது. குறைவாகத் தைத்தால் இங்கே வேலை போகும் என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால், யாரும் அணியாத உடுப்பைத் தைப்பதற்காக ஒரு பெண்ணின் முதுகு ஒடிவதை வளர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தடைகளுக்கு அப்பால்

சட்டம் இல்லாமலில்லை. 2017 இல் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனும் லஞ்ச் சீட்டும் றெஜிபோம் உணவுப் பெட்டியும் தடை செய்யப்பட்டன. 2021 இல் சிறிய சஷே பக்கற்றுகளுக்கும், 2023 ஒக்டோபரில் உறிஞ்சுகுழல், கரண்டி, இடியப்பத் தட்டு போன்றவற்றுக்கும் தடை வந்தது. இன்றும் சாப்பாட்டுக் கடைகளில் பொதி எதில் சுற்றப்படுகிறது என்று பாருங்கள். பைக்குப் பதிலாகத் துணிப்பை என்று விற்கப்படுபவற்றில் பலவும் துணியே அல்ல. அவை பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை அழுத்திச் செய்தவை. ஒரு பொருளைத் தடுத்தால் அதன் இடத்தில் இன்னொன்று வருகிறது. தொகை குறையவில்லை.

தொகையைக் குறைப்பதற்கு எங்கள் பழைய வழக்கத்திலேயே பாடம் இருக்கிறது. வெற்றுப் போத்தலைக் கொடுத்தால்தான் கடையில் சோடா தருவார்கள், இல்லையென்றால் போத்தல் காசு கட்ட வேண்டும். அதனால் ஒரு போத்தலும் வீதியில் கிடக்கவில்லை. இன்று அந்தப் போத்தல் காசைப் பிளாஸ்டிக் போத்தல்களுக்கும் மின்கலங்களுக்கும் கைத்தொலைபேசிகளுக்கும் விதிக்கலாம். 2022 இல் உலகில் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவு உருவானது. அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது 22.3 வீதம் மட்டுமே. விற்றவரே திரும்ப எடுக்க வேண்டும் என்ற கடமை இல்லாதவரை இந்த எண் உயராது.

இரண்டாவதாக, இறக்குமதியில் கிடைக்கும் வரியின் ஒரு பகுதி, அந்தப் பொருளின் கழிவைச் சுமக்கும் உள்ளூராட்சி சபைகளுக்குச் சட்டப்படி போக வேண்டும். 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின் பல ஆண்டுகளாக இல்லாதிருந்த தெரிவு செய்யப்பட்ட சபைகள் மீண்டும் வந்திருக்கின்றன. எங்கள் உறுப்பினர்களிடம் வீதி விளக்குக் கேட்கும்போது, எங்கள் குப்பை எங்கே போகிறது, அதற்கு அருகில் யார் வாழ்கிறார்கள் என்பதையும் கேட்போம்.

மூன்றாவது, சட்டம் தொட முடியாத இடம். ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டில் நினைவுப் பொருள் கொடுக்காவிட்டால் எவருடைய மானமும் போகாது என்பதை, செலவழிக்க வசதியுள்ள குடும்பங்கள்தான் முதலில் காட்ட வேண்டும். இல்லாதவர் செய்தால் அதை வறுமை என்பார்கள். இருப்பவர் செய்தால்தான் அது வழக்கமாகும். திருத்தக்கூடிய மின்விசிறியைத் திருத்துநரிடம் கொண்டு போவதும் அப்படித்தான். அந்தக் கூலி ஊருக்குள்ளேயே நிற்கும்.

பைக்குப் பணம் கேட்டதும் எங்களுக்குக் கோபம் வந்ததற்குக் காரணம், அந்தச் சில ரூபா முதல் தடவையாகக் கண்ணுக்குத் தெரிந்ததே. மற்ற எல்லாப் பொருட்களின் மிகுதி விலையும் பற்றுச்சீட்டில் வருவதில்லை. அதை மீதொட்டமுல்லையில் கட்டினார்கள். கல்லுண்டாயில் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.