அரசுக் கணக்கிலும் வேண்டும் இந்த ஒழுங்கு

1-7-2017 அன்று ஜி.எஸ்.டி. வந்த பின் நம் சரக்குக்கெல்லாம் எண் வந்துவிட்டது. துவரம் பருப்பு 0713, அரிசி 1006, சர்க்கரை 1701. நாகர்கோவிலில் இருப்பவரும் அமிர்தசரசில் இருப்பவரும் இதே எண்ணைத்தான் பில்லில் போட வேண்டும். பதிவு பெற்ற வியாபாரிக்குப் பில் எழுதினால் 4 இலக்கம், விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் 6 இலக்கம். ஆரம்பத்தில் முணுமுணுத்தோம், பழகிவிட்டது.

நம்மிடம் இவ்வளவு ஒழுங்கு கேட்கும் அரசு, தன் செலவுக் கணக்கை எப்படி எழுதுகிறது?

கல்விக்கு 2202, மருத்துவத்திற்கு 2210, சாலை பாலங்களுக்கு 3054 என்று பெருந்தலைப்புகள் மத்திய அரசுக்கும் எல்லா மாநிலங்களுக்கும் பொதுதான். அதற்கடுத்த சிறுதலைப்பும் பொது. அதற்கும் கீழே போனால் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே உட்தலைப்பு வைத்துக்கொள்கிறது. எந்தத் திட்டத்திற்கு எவ்வளவு போயிற்று என்பது அங்கேதான் தெரிய வேண்டும். பேரேடு ஒன்று, சிட்டை ஆளுக்கொன்று என்றால் ஒப்பிடுவது எப்படி?

800 என்றொரு சிறுதலைப்பு இருக்கிறது. 'இதர செலவுகள்' என்று பெயர். வேறெதிலும் அடங்காத சில்லறை இனங்களுக்காக வைத்தது. பெருந்தொகைகளும் இதில் போய் விழுகின்றன என்று மாநிலங்களைப் பற்றிய தணிக்கை அறிக்கைகள் பலமுறை சுட்டிக்காட்டியுள்ளன. நாம் லட்சக்கணக்கில் 'இதர' என்று எழுதினால் ஆடிட்டர் விடுவாரா?

சட்டம் இல்லாமல் இல்லை. 1997-லேயே நாட்டில் முதன்முதலாகத் தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது தமிழ்நாடு. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே ஒதுக்கீட்டையும் செலவையும் வெளியிடச் சொல்கிறது. வெளியிடுகிறார்கள், ஆனால் கூட்டிப் பார்க்க முடியாதபடி.

எங்கள் கடைத்தெருச் சாக்கடைக்கு மூன்று ஆண்டுகளில் ஆன செலவென்ன என்று 10 ரூபாய் கட்டி ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டேன். முதல் ஆண்டிற்கு வார்டு வாரியாகவும், அடுத்ததற்குக் காண்டிராக்டர் வாரியாகவும், மூன்றாவதற்குத் திட்டம் வாரியாகவும் பதில் வந்தது. நாற்பது வருடம் ஐந்தொகை போட்ட எங்கள் கணக்குப்பிள்ளை மூன்று நாள் வைத்திருந்து, "முதலாளி, இது சேராது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மழை பெய்தால் மூட்டைகளை இன்னமும் பலகை மேல்தான் ஏற்றுகிறோம்.

ஒரு வேலைக்கு ஒரே எண் போதும். ஒதுக்கீட்டிலும், டெண்டரிலும், பட்டுவாடாவிலும், வேலை நடக்கும் இடத்தின் பலகையிலும் அதே எண் இருக்க வேண்டும். கணக்கைப் படம் பிடித்துப் போடாமல், கம்ப்யூட்டரில் கூட்டிக் கழிக்கும்படி தர வேண்டும். நம் சங்கம் அடுத்த பட்ஜெட்டுக்கு முன் தரும் கோரிக்கை மனுவில், வரிக் குறைப்போடு இதையும் ஓர் இனமாகச் சேர்க்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.