வாக்குறுதிக்கு விருது கொடுக்கலாமா?

அரசியல்வாதி ஒருவர் சுற்றுச்சூழலுக்காகக் குரல் கொடுக்கிறார். அதற்காக அவருக்குப் பெரிய அனைத்துலக விருது வழங்குவது தகுமா? மாணவர்களே, எந்த நாடு, எந்தக் கட்சி என்ற பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு, அறிவியல் கூடத்தில் ஓர் ஆய்வைச் சரிபார்ப்பதுபோல இதைப் பார்ப்போம்.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு வழங்கும் மிக உயர்ந்த விருது ‘பூமியின் சாம்பியன்’. 2018-ஆம் ஆண்டு, கொள்கைத் தலைமைத்துவப் பிரிவில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் பிரான்ஸ் அதிபர் இமானுவல் மக்ரோனும் அதைப் பெற்றனர். அனைத்துலகச் சூரியசக்திக் கூட்டணியை முன்னெடுத்தது இருவருக்கும் பொதுவான காரணம். மோடிக்கு இன்னொரு காரணமும் சொல்லப்பட்டது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் அனைத்தையும் 2022-க்குள் இந்தியாவிலிருந்து ஒழிப்பதாக அவர் உறுதியளித்திருந்தார்.

இந்த இரண்டு காரணங்களும் ஒரே தரத்தவை அல்ல.

முதலாவதற்குச் சான்று உண்டு. கூட்டணி 2015-இல் பாரிஸில் அறிவிக்கப்பட்டு, 2017 டிசம்பரில் நடப்புக்கு வந்துவிட்டது. இந்தியாவின் சூரிய மின் நிறுவுதிறன் 2014 மார்ச்சில் சுமார் 2.6 கிகாவாட், 2018 மார்ச்சில் 21 கிகாவாட்டுக்கும் மேல். விருதுக்கு முன்பே நடந்த வேலை இது. ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். நிறுவுதிறன் வேறு, கிடைக்கும் மின்சாரம் வேறு. இரவில் சூரியத் தகடு வேலை செய்யாது. அதனால்தான் 2025 ஜனவரியில் நிறுவுதிறன் 100 கிகாவாட்டைத் தொட்ட பிறகும், அங்கே மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே வருகிறது. அந்த 100 கிகாவாட் இலக்குக்கு முதலில் குறித்த ஆண்டும் 2022தான்.

இரண்டாவது காரணத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. உறுதிமொழி வெளிவந்தது 2018 ஜூன் 5. விருது அறிவிக்கப்பட்டது அதே செப்டம்பரில். ஆய்வு தொடங்கியவுடனேயே முடிவை எழுதி மதிப்பெண்ணும் கொடுத்ததுபோல! பிறகு நடந்தது என்ன? 2022 ஜூலை 1 முதல் உறிஞ்சுகுழல், தட்டு, கரண்டி போன்ற குறிப்பிட்ட பொருள்களுக்குத் தடை வந்தது. நல்ல நடவடிக்கைதான். ஆனால் தண்ணீர்ப் போத்தலும் ஷாம்பு பொட்டலமும் அந்தப் பட்டியலில் இல்லை. ‘அனைத்தும்’ என்ற சொல் நிறைவேறவில்லை.

அதே ஆண்டு, அதே விருதைக் கொச்சி விமான நிலையமும் பெற்றது. 2015 ஆகஸ்டிலேயே 12 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைத் திறந்து, முழுக்கச் சூரியசக்தியில் இயங்கத் தொடங்கிய நிலையம் அது. இங்கே செயல் முதலில், விருது பிறகு.

“அரசியல்வாதியின் கருவியே பேச்சுதானே? ஊக்கம் கொடுத்தால்தானே செய்வார்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓர் அமைச்சரின் கையெழுத்து, ஆயிரம் தொண்டர்களால் முடியாததைச் செய்துவிடும். 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற கென்யாவின் வங்காரி மாத்தாயும் அப்போது துணை அமைச்சர்தான். ஆனால் அவர் 1977-இலிருந்தே கிராமப் பெண்களோடு மரம் நட்டு வந்தவர். நட்ட மரங்கள் கோடிக்கணக்கில். மரங்களை எண்ணிப் பார்க்க முடியும். வாக்குறுதியை எண்ண முடியாது.

ஆகவே என் கருத்து இதுதான். சூரியசக்திக்காக விருது கொடுத்தது சரி. நெகிழிக்கான பாராட்டு 2022 வரை காத்திருந்திருக்க வேண்டும். வாக்குறுதிக்கே பதக்கம் கிடைத்தால், அறிவிப்பே போதும் என்று அடுத்த தலைவரும் நினைப்பார். பதக்கத்தைக் கொடுத்தவர்களும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

நம் நாட்டுக்கும் ஒரு கெடு இருக்கிறது. ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழியை 2030-க்குள் ஒழிக்கும் திட்டத்தை மலேசியா 2018-இல் வெளியிட்டது. அந்த ஆண்டில் உங்களில் பலருக்கு 18 வயது நிறைந்து வாக்குரிமையும் வந்திருக்கும். இப்போதே கணக்கெடுக்கத் தொடங்குங்கள். புக்கிட் பெருவாங் கடைகளில் ஒரு மணி நேரம் நின்று, சொந்தப் பை கொண்டு வருபவர் எத்தனை பேர், காசு கொடுத்து நெகிழிப் பை வாங்குபவர் எத்தனை பேர் என்று குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில், அதே நேரத்தில் எண்ணுங்கள். யாருக்கு விருது தரலாம் என்பதை அந்த எண்கள் சொல்லும்.