தறிக்கூடத்திற்கும் காற்று வேண்டும்

கூட்டுறவுச் சங்கங்கள் கட்டிடம் கட்டப் புகும்போது, நிர்வாகக் குழுவினரின் தீர்மானப் புத்தகத்தில் நாம் வழக்கமாகக் காண்பவை மூன்றே விஷயங்கள்: மனையின் விலை, மதிப்பீட்டுத் தொகை, கடன் கிடைக்கும் வகை. அக்கட்டிடத்தினுள் நாள்தோறும் எட்டு மணியோ பத்து மணியோ அமர்ந்து உழைக்கப் போகும் அங்கத்தினர் எத்தகைய காற்றை உட்கொள்வார் என்ற வினா அப்புத்தகத்தில் இடம்பெறுவது அரிது. கட்டிடம் எழுந்து, கோடையும் வந்த பின்னர், மின்விசிறி வாங்க ஒரு துணைத் தீர்மானம் வருகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பது நமது அபிப்பிராயம்.

முன்னாளில் நெசவாளர் வீடுகள் பெரும்பாலும் நாட்டு ஓடு வேய்ந்தவை. ஓட்டிற்கும் ஓட்டிற்கும் இடையேயுள்ள சந்துகளின் வழியே சூடேறிய காற்று மேலெழுந்து வெளியேறிவிடும். இன்று ஓடு மாற்றக் கைதேர்ந்த ஆள் கிடைப்பதில்லை. குரங்குத் தொல்லை வேறு. ஆகவே தகரமோ கல்நார்த் தகடோ போட்டுக்கொள்கின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் தகடு மெல்லியது. வெயிலின் வெம்மையை உடனுக்குடன் உள்ளே கடத்தி, கீழே அமர்ந்திருப்பவர் தலைமேல் அனலாக வீசுவது அதன் இயல்பு. அதன் கீழ்ச் சுழலும் விசிறி, கூரையடியில் தேங்கிய சூட்டையே கீழே தள்ளுகிறது. கல்நாரைப் பற்றி மற்றொன்றும் சொல்ல வேண்டும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிப்பவை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துள்ளது. பழைய தகட்டை அறுப்பதும் உடைப்பதும் துளையிடுவதும் அதன் தூசியைக் கிளப்பும். புதுக் கட்டிடத்திற்கு அதனை வாங்காதிருப்பதே நலம்.

‘சன்னலைத் திறந்தால் இழை அறுகிறது, ஐயா’ என்று நெசவாளர் சொல்வார். அவர் சொல்வது முற்றிலும் மெய். பருத்தி நூலுக்கு ஈரப்பதமே வலிமை. வறண்ட காற்று பட்டால் இழை முறுகி அறும். குழித்தறியில் பாவு தரையை ஒட்டி நிற்பதன் பயன்களுள் ஒன்று, மண்ணின் குளுமையும் ஈரமும் அதற்குக் கிட்டுவது. கொங்கு நாட்டில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் வீசும் மேல்காற்றை அறிந்தவர், தறிக்கு நேரே சன்னல் வைக்கச் சொல்லமாட்டார். ஆனால் காற்றே வேண்டாமென்று எல்லாவற்றையும் அடைத்துவிடுவது இதற்கு விடையாகாது. காற்று எந்த உயரத்தில் வர வேண்டும், எந்த உயரத்தில் போக வேண்டும் என்பதே கேள்வி.

சூடான காற்று இலேசானது, மேலே செல்லும். கூரையின் முகட்டடியில் திறப்பு இருந்தால் அது வெளியேறும். அதன் இடத்திற்கு நிழலுள்ள பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று தானே உட்புகும். இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. உட்புகும் திறப்பைப் பாவின் நேருக்கு வையாமல் சுவரின் ஓரத்தில் வைத்து, மேற்குப் பக்கத்துச் சன்னலுக்குக் கதவிட்டு, பலத்த காற்று நாளில் அதை மட்டும் சாத்திக்கொள்ளலாம். முகட்டுத் திறப்பை ஒருநாளும் அடைக்கலாகாது. லாரி பேக்கர் (1917–2007) திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையக் கட்டிடங்களில் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கித் துளைச்சுவர் எழுப்பினார். அச்சுவரில் காற்றும் வெளிச்சமும் சிதறி நுழைகின்றன. சன்னல் சட்டத்தின் செலவும் மிச்சமாகிறது. நம் சங்கங்கள் பின்பற்றத் தக்க முறை இது.

இட நெருக்கடியையும் கவனிக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தொழிலாளி ஒருவருக்கு 14.2 கன மீட்டர் வெளி வேண்டுமென விதித்தது, தரையிலிருந்து 4.2 மீட்டருக்கு மேற்பட்ட வெளியைக் கணக்கில் சேர்க்கவும் மறுத்தது. வீட்டுத் தறிக்கு அந்தச் சட்டம் பொருந்தியதில்லை. ஆனால் நுரையீரலுக்குச் சட்டப் பிரிவு தெரியாது. 10 அடிக்கு 12 அடி, உயரம் 9 அடி என்ற அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 30 கன மீட்டர். அந்த அளவுகோலின்படி இருவருக்கே அது போதும். அதனுள் தறி ஒன்று, நெய்பவர், நூல் சுற்றும் மனைவி, தொட்டிலில் குழந்தை, மூலையில் பாட்டி என்று வாழும் குடும்பங்களை நாம் அறிவோம். பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போருக்கு மார்பிறுக்கம் உண்டாகும் என்பது நூற்பாலைகளில் நெடுங்காலமாக அறியப்பட்டது. தறியில் தூசி ஆலையை விடக் குறைவே. அதற்காக அதை உள்ளேயே அடைத்து வைப்பானேன்? சாய அடுப்பின் புகையும், ஹைட்ரோசல்பைட்டின் நெடியும் அதே அறையில் கலக்குமானால் சொல்ல வேண்டியதே இல்லை. சாயத் தொட்டி, கூரை மட்டும் உள்ள திறந்த கொட்டகையிலேயே இருத்தல் வேண்டும்.

விவசாய அங்கத்தினர் இவற்றை நெசவாளருக்கு மட்டும் உரியவை என்று கருதிவிடக் கூடாது. பட்டுப்புழு வளர்ப்போர், இளம்புழுவிற்கு 26 முதல் 28 டிகிரி வெப்பமும் முதிர்ந்த புழுவிற்கு 24, 25 டிகிரியும் வேண்டுமென்று வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்க்கின்றனர்; முதிர்ந்த புழுவிற்குக் காற்றோட்டம் அதிகம் வேண்டுமென்று சன்னலைத் திறந்து வைக்கின்றனர். சின்ன வெங்காயத்தைத் தரைக்கு மேலே உயர்த்திய பட்டறையில், நாற்புறமும் காற்றுப் புகுமாறு சேமிக்கின்றனர். வெங்காயத்திற்கு உள்ள இந்த மரியாதை, அதே தோட்டத்தில் தகரக் கொட்டகையில் உறங்கும் வேலையாளுக்கும் கிடைக்கலாம்.

இனி மின்சாரக் கணக்கு. பழைய வகை விசிறி 75 வாட் இழுக்கிறது. நாளொன்றுக்கு 10 மணி நேரம் ஓடினால், இரு மாதத்தில் 45 யூனிட். பி.எல்.டி.சி. என்னும் புதுவகை விசிறி ஏறக்குறைய 30 வாட்டில் அதே வேலையைச் செய்யும். 18 யூனிட் போதும். எட்டு விசிறியுள்ள கூடத்தில் இரு மாதத்திற்கு 216 யூனிட் மிச்சம். கைத்தறி நெசவாளருக்கு இலவச மின்சாரம் 2023இல் இரு மாதத்திற்கு 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது உண்மையே. அதனால் சிக்கனம் தேவையற்றது என்று எண்ணுவோர் உளர். அடைத்த அறையில் இலவசமாகச் சுழலும் விசிறியும் அடைபட்ட காற்றையே சுழற்றுகிறது.

அகமதாபாத் நகரம் 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே கொள்கை வெளியிட்டது. வெண்மையான மேற்பரப்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதே அவ்வழியின் அடிப்படை. நம் பாட்டனார் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்ததும் இதுதான். தளக்கூரைக்குச் சுண்ணாம்பும், தகரத்திற்கு அதற்குரிய வெள்ளைப் பூச்சும் போதும். செலவு அற்பம், ஆனால் மழையில் கரைவதாலும் தூசி படிவதாலும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எனவே அதனைக் கட்டிடச் செலவில் அன்று, ஆண்டுப் பராமரிப்புச் செலவில் சேர்த்து, மாசி மாதத்திற்குள் பணம் ஒதுக்குமாறு பொதுப்பேரவையில் அங்கத்தினர் கேட்டு வாங்குக. புதுக் கட்டிடத்தின் வரைபடம் கூட்டத்தின் முன் வைக்கப்படும்போது, முகட்டுத் திறப்பு எங்கே என்று விரலால் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கை தூக்குக.