சம்பளம் கேட்க எந்த மலாய்?



சிங்கப்பூரில் புக்கிட் மேரா என்று ஒரு வட்டாரம் உண்டு. புக்கிட் என்றால் குன்று. மேரா என்றால் சிவப்பு. நாம் செங்குன்று என்போம். மலாய்க்காரர் குன்றை முன்னே வைத்துச் சிவப்பைப் பின்னே வைப்பார். ‘பீசாவ் தாஜாம்’ கூரான கத்தி. ‘ரூமா சாயா’ என் வீடு. இது பிடிபட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

பசார் மலாய்தான் வருகிறதே, பாடம் எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். மீன் வாங்க அது போதும். சம்பளம் கேட்கப் போதாது. 1959இல் சிங்கப்பூரின் தேசிய மொழியாக ஆனது மலாய். மலேசியாவில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் அதை அரசாங்க அலுவல் மொழியாக்கிற்று. நம் முறையீடு போய்ச் சேர்வதும் அந்த மொழிக்குத்தான்.

மலாயில் வினைச்சொல் காலத்துக்கோ ஆளுக்கோ மாறாது. சாப்பிட்டேன், சாப்பிட்டாள், எல்லாவற்றுக்கும் ‘மாக்கான்’ தான். ‘சூடா’ சேர்த்தால் முடிந்தது. ‘பெலும்’ சேர்த்தால் இன்னும் இல்லை. சம்பளம் வராதவர் ‘தீடாக் தெரிமா காஜி’ என்றால், கொடுத்தும் ஏற்க மறுத்தார் என்றுகூடப் பொருள் கொள்ளலாம். ‘பெலும் தெரிமா’ என்றால் பாக்கி நிற்கிறது என்று விளங்கும்.

இன்னொரு நுட்பம். நாம், நாங்கள் என்ற வேற்றுமை ஆங்கிலத்தில் இல்லை; மலாயில் உண்டு. ‘கீத்தா’ நாம்; ‘காமி’ நாங்கள். (நாம் வெட்டும் கித்தா வேறு, அது ‘கெத்தா’ என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது.) நிர்வாகியிடம் ‘காமி மிந்தா காஜி லெபே’ என்று கேட்க வேண்டும். ‘கீத்தா’ என்றால் அவரும் நம்மோடு நின்று கூடுதல் சம்பளம் கேட்பதாக ஆகிவிடும்! ரப்பர் விலை இறங்கினால் ‘கீத்தா ரூகி’, நமக்கு நட்டம் என்பார்கள். விலை ஏறும்போது அந்தக் ‘கீத்தா’வைக் காணோம். ஆங்கிலம் படித்த துரைக்கு இந்த வேற்றுமையை உட்கார்ந்து படிக்கவேண்டும். நமக்கோ தாய்ப்பாலோடு வந்தது. அப்படியிருந்தும் மலாய் வராது என்று நாமே தலை குனிவானேன்?

கிராணிமாருக்கு ஒரு வார்த்தை. நானும் கிராணிதான். பாரத்தை நாமே நிரப்பிக் கொடுத்துவிடுவது சுலபம், நமக்கு மதிப்பும்கூட. ஆனால் பால்வெட்டுத் தொழிலாளி தம் வாயால் தம் வழக்கைச் சொல்லும் நாள் அதனால் தள்ளித்தான் போகிறது.

கிளைக் கூட்டத்துக்கு முன் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். முதல் நாளைக்குப் பெலும், காமி, கீத்தா மூன்றும் போதும்.