தானே எழுதித் தானே படிக்கும் டிரைவ்

உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவர் ஒருவர் இவ்வாரம் நமக்கு நீண்ட கடிதமொன்று எழுதியுள்ளார். அவருடைய தந்தையார் வெளிநாட்டிலே தொழில் பார்த்த காலத்தில் வாங்கிய ஐ.பீ.எம். கணினி ஒன்று வீட்டில் இருக்கிறது. அதன் டிரைவ், அதாவது பிளொப்பி டிஸ்க் என்று வழங்கும் நெகிழ்வட்டைச் சுழற்றி எழுதவும் படிக்கவும் உதவும் உறுப்பு, சுழலாது நின்றுவிட்டது. பழைய சாமான்கள் விற்கும் இடத்திற் கிடந்த வேறொரு கணினியிலிருந்து அதே வகை டிரைவைக் கழற்றி வந்து பொருத்தினார். புதிய வட்டொன்றை இட்டால் அது குறையின்றி எழுதுகிறது. எழுதியதைக் குறையின்றிப் படிக்கவும் செய்கிறது. ஆனால், காலஞ்சென்ற தந்தையார் எழுதிவைத்த இருபது வட்டுகளில் ஒன்றையேனும் படிக்கவில்லை. “டிரைவ் நல்லதென்பது தெளிவாகிவிட்டது. ஆகவே வட்டுகள் பழுதாகிவிட்டன என்று அவற்றை எறிந்துவிடலாமா, ஐயா? பழைய டிரைவையும் இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாமா?” என்று கேட்கிறார்.

தம்பி, இரண்டையும் செய்யாதீர். டிரைவ் நல்லதென்பது இன்னும் தெளிவாகவில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்; இத்தகைய யந்திரமும் வட்டுப் பெட்டியும் பரணிலே தூங்கும் வீடுகள் வேறும் இருக்கலாம்.

ஐ.பீ.எம். நிறுவனம் தனது தனியாட் கணினியை 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆந் திகதி வெளியிட்டது. 5150 என்பது அதன் மாதிரி இலக்கம். நெகிழ்வட்டு அதற்குப் பத்தாண்டு முந்தியது. 1971இல் அதே நிறுவனம் வெளியிட்ட வட்டு 8 அங்குல அகலமுடையது. 1976இல் ஷுகார்ட் நிறுவனத்தார் அதனை 5¼ அங்குலமாகச் சுருக்கினர். 5150 கணினியில் வந்த டிரைவ்களிற் பெரும்பாலானவை கலிபோர்னியாவிலிருந்த டாண்டன் நிறுவனத்தின் ஆக்கங்கள். அதனைத் தொடங்கியவர் இந்தியாவிற் பிறந்த ஒருவர். தொடக்கத்தில் ஒரு வட்டு 160 கிலோபைற்றுக் கொண்டது. இருபக்கமும் எழுதும் முறையும், 1983இல் டொஸ் இரண்டாம் பதிப்பும் வந்தபின் அது 360 கிலோபைற்று ஆயிற்று. இன்றைய கைத்தொலைபேசி எடுக்கும் புகைப்படம் ஒன்றுகூட அதற்குள் அடங்காது. ஆயினும் வெறும் எழுத்தாக எண்ணினால் மூன்றரை இலட்சத்துக்கும் அதிகமான ஆங்கில எழுத்துகள் ஒரு வட்டிலே அடங்கும். இருபது வட்டென்றால் ஒருவர் ஆயுளெல்லாம் எழுதிய கடிதங்களுக்கும் அது போதும்.

வேறொரு யந்திரத்திற் கழற்றிய டிரைவைப் பொருத்துவோர் முதலிற் பார்க்கவேண்டியது நாடா வயரை. 34 இழைகள் கொண்ட அந்த நாடாவின் ஓரத்தில் ஒரு நிறக் கோடு இருக்கும்; அது முதலாம் இழை. மறுபுறமாகச் செருகினால் டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டேயிருக்கும். அவ்வேளை வட்டொன்றை உள்ளே விட்டால் அதில் எழுதியுள்ளது அழிந்துபோகவுங் கூடும். ஆகவே, விளக்கு உரிய வேளையில் எரிந்து அணைகிறதா என்று பாராமல் எந்த வட்டையும் இடலாகாது.

இந்த நாடாவில் 10 முதல் 16 வரையான ஏழு இழைகள் ஓரிடத்தில் முறுக்கித் திருப்பப்பட்டிருப்பதைக் காணலாம். அது பழுதன்று. ஐ.பீ.எம். பொறியியலாளர் இரண்டு டிரைவ்களிலும் தெரிவு முளையை ஒரே இடத்தில், அதாவது இரண்டாம் டிரைவுக்குரிய இடத்தில், வைத்துவிட்டு, முறுக்கின் மூலம் நாடாவின் கோடியில் உள்ளதை ‘ஏ’ என்றும் நடுவில் உள்ளதை ‘பீ’ என்றும் பிரித்தனர். வேறு நிறுவனத்தின் கணினியிலிருந்து வந்த டிரைவில் அந்த முளை முதலாம் இடத்தில் இருக்கலாம். அப்படியாயின் கணினி கூப்பிடும், டிரைவுக்குக் கேளாது. திரையில் 601 என்ற இலக்கம் தோன்றும். இன்னொன்று: நாடாவின் கோடியில் இருக்கும் டிரைவில் முடிப்புத் தடையிகள் அடங்கிய சிறு கட்டை செருகப்பட்டிருக்கவேண்டும். பழைய கணினியில் ‘பீ’யாக இருந்த டிரைவைக் கழற்றி வந்தவர்களிடம் அது பெரும்பாலும் இராது.

புதிய டிரைவை இணைத்ததும் கணினி முழுவதுமே உயிரற்றுப் போனால், டிரைவின் மின்னிணைப்பை மட்டும் கழற்றிப் பாருங்கள். கணினி விழித்துக்கொண்டால் குற்றம் டிரைவின் மின்சுற்றுப் பலகையில். நீர்த்துளி வடிவிலான தந்தலக் கொள்ளளவிகள் முதுமையிற் குறுஞ்சுற்றாவதுண்டு. மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும்.

நமது மாணவர் இக்கட்டங்களை எல்லாம் தாண்டிவிட்டார். அவருடைய டிரைவ் சுழல்கிறது, எழுதுகிறது, படிக்கிறது. அங்கேதான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. தானே வினாத்தாள் அமைத்து, தானே விடை எழுதி, தானே புள்ளியும் இட்டுக்கொள்ளும் மாணவனை எந்தப் பரீட்சைத் திணைக்களம் சித்தியடையச் செய்யும்? தான் எழுதியதைத் தானே படிக்கும் டிரைவும் அத்தகையதே. ஒரு டிரைவ் செவ்வையானதா என்பது அதற்கும் பிற டிரைவ்களுக்கும் உள்ள இணக்கத்தைப் பொறுத்தது.

சுழலும் வேகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இவ்வகை வட்டு நிமிடத்துக்கு 300 முறை, அதாவது செக்கனுக்கு ஐந்து முறை, சுழலவேண்டும். றப்பர் வார் தளர்ந்தோ, பழைய எண்ணெய் பிசினாய் இறுகியோ வேகம் குறைந்திருந்தாலும், அந்தக் குறைந்த வேகத்தில் எழுதியதை அதே குறைந்த வேகத்தில் அது படித்துவிடும். சரியான வேகத்தில் எழுதப்பட்ட வட்டு வரும்போதே தடுமாறும்.

இதனைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வார் பூட்டிய பழைய டிரைவ்களின் அடிப்புறத்தில் ஒரு பறக்குஞ்சில்லு இருக்கும். அதன்மேல் 50 என்றும் 60 என்றும் குறித்த இரண்டு வளையங்களிற் கறுப்புக் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். நமது நாட்டு ஆடலோட்டத்தின் மீடிறன் 50. ஆகவே பழைய வகைக் குழல் விளக்கு செக்கனுக்கு நூறு முறை மின்னும். ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையிற் சில்லு இருபதில் ஒரு பங்கு திரும்பும். வேகம் சரியாயின் ஒரு கோட்டின் இடத்துக்கு அடுத்த கோடு வந்து நிற்க, 50 என்ற வளையம் அசையாது நிற்பதுபோலத் தோன்றும். முன்னே ஓடினால் வேகம் அதிகம்; பின்னே ஓடினால் குறைவு. பலகையில் உள்ள சிறு திருகைத் திருப்பி அதனைச் சரிப்படுத்தலாம். அமெரிக்கருக்குரிய 60 என்ற வளையத்தை நமது விளக்கின் கீழ் நிறுத்த முயன்றால் வேகம் நிமிடத்துக்கு 250 முறையாகிக் கெட்டுவிடும். இன்றைய எல்.ஈ.டி. விளக்குகள் பல இவ்வாறு மின்னுவதில்லை; பழைய குழல் விளக்கைத் தேடிப்பிடிக்கவேண்டும். பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை வகுப்பிலே செய்துகாட்டலாம், மாணவர் மறக்கமாட்டார்.

அடுத்தது தலையின் நிலை. முக்கியமானது இதுவே. 360 கிலோபைற்று வட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றனுள் ஒன்றாக 40 வட்டத் தடங்கள் உள்ளன. ஓர் அங்குலத்துக்கு 48 தடம் என்பது கணக்கு. எனவே ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அரை மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமான தூரந்தான். காந்தத் தலையைப் படிமோட்டர் ஒன்று தடந் தடமாக நகர்த்துகிறது. டிரைவ் கீழே விழுந்திருந்தாலோ, எவரேனும் அந்த மோட்டரின் திருகாணிகளைத் தளர்த்தியிருந்தாலோ, தலை கால் மில்லிமீற்றர் விலகி நிற்கும். விலகி நின்று எழுதும். அதே இடத்தில் விலகி நின்று படிக்கும். தனக்குள் அது ஒரு பிழையையும் காணாது. பிறர் எழுதிய வட்டுமட்டும் அதற்குப் புரியாது.

தொழிற்சாலைகளில் இதனைச் சரிப்படுத்தத் தனியான அளவை வட்டொன்று இருந்தது. அதில் ஒரு தடம் வேண்டுமென்றே மையம் விலகி எழுதப்பட்டிருக்கும். அதனைப் படிக்கும் தலையின் சமிக்ஞையை அலைவுகாட்டியிற் பார்த்தால் பூனையின் இரு கண்கள் போன்ற உருவம் தோன்றும். இரு கண்களும் சம அளவாக இருந்தால் தலை சரியான இடத்தில் நிற்கிறது. ஒரு கண் சிறுத்தால் விலகியிருக்கிறது. அளவை வட்டின்றி வெறுங் கண்ணால் மதித்துத் திருகாணியைத் திருப்புவோரை நான் ஆதரிப்பதில்லை.

இப்போது மாணவரின் வீட்டுக்கு வருவோம். விலகி நிற்பது எது? கடையிலிருந்து வந்த டிரைவா, தந்தையாரின் டிரைவா? இரண்டையும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல இயலாது. நம்பிக்கையான மூன்றாவது டிரைவ் ஒன்று சாட்சிக்கு வேண்டும். அது தந்தையாரின் வட்டுகளைப் படித்தால் குற்றம் புதிதாய் வந்ததன்மீது. மாறாக, புதியதில் எழுதிய வட்டைப் படித்துத் தந்தையாரின் வட்டுகளைப் படிக்காவிட்டால், இரண்டில் ஒன்று: வட்டுகள் உண்மையிற் பழுதாகியிருக்கலாம், அல்லது தந்தையாரின் டிரைவ் பல ஆண்டுகளாகவே விலகி நின்று எழுதியிருக்கலாம். பின்னதாயின், அவ்வட்டுகளை இயல்பாகப் படிக்கவல்ல டிரைவ் உலகத்திலே அது ஒன்றுதான். அதைத்தான் நமது மாணவர் இரும்புக்குப் போட நினைத்தார்!

அது சுழலவில்லை என்பதே அதன் நோய். வார் நைந்திருக்கலாம்; அச்சில் எண்ணெய் இறுகியிருக்கலாம்; பலகை பழுதாகியிருக்கலாம். இவற்றுக்கும் தலையின் நிலைக்கும் சம்பந்தமில்லை. இரண்டு டிரைவ்களும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியாயின், கடையில் வாங்கியதன் வாரையும் பலகையையும் எடுத்துத் தந்தையாரின் டிரைவிற் பூட்டலாம். புதியதைப் பழையதன் இடத்தில் வைப்பதிலும், புதியதன் உறுப்புகளாற் பழையதை எழுப்புவது இங்கே மேல். தலையையோ, படிமோட்டரின் திருகாணிகளையோ, முதல் தடத்தைக் காட்டும் உணரியையோ தொடாதீர். அது எழும்பவே எழும்பாதாயின், புதியதன் தலையை வேண்டுமென்றே சிறிது சிறிதாக விலக்கி, தந்தையாரின் வட்டு எங்கே படிக்கப்படுகிறதென்று பார்ப்பதே கடைசி வழி. அதன்பின் அந்த டிரைவ் அந்த வட்டுகளுக்கு மட்டுமே உதவும்.

எந்த வழியிற் சென்றாலும், வட்டை உள்ளே விடுமுன் அதனைக் காக்கவேண்டும். 5¼ அங்குல வட்டின் ஓரத்தில் உள்ள வெட்டை ஒளி புகாத நாடாவால் மூடிவிட்டால் டிரைவ் அதில் எழுதமாட்டாது. பின்னர், உறையின் திறப்பினூடாக வட்டின் பரப்பை வெளிச்சத்திற் பாருங்கள். நமது ஈரக் காற்றிற் பூஞ்சணம் பிடிப்பது சாதாரணம். மங்கலான புள்ளிகளாகத் தெரியும். நெகிழ்வட்டில் தலை பரப்பைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. ஆதலாற் பூஞ்சணம் பிடித்த வட்டு தலையை அழுக்காக்கும். அழுக்கான தலை அடுத்த நல்ல வட்டையும் சுரண்டிவிடும். ஒரு வட்டால் இருபதும் போகலாம். கிறீச்சென்ற ஒலி கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் அற்ககோல் தோய்த்துத் தலைகளை மெல்லத் துடையுங்கள். மேற்றலையை அதிகம் உயர்த்தினால் அதன் மெல்லிய தகடு வளைந்துவிடும். முதலிற் பிரயோசனமற்ற வட்டொன்றை ஓடவிட்டு, தலை சுத்தமாக இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்த பின்னரே அருமையான வட்டுகளை எடுக்கவேண்டும்.

1984இல் வந்த ஏ.ரீ. கணினியின் 1.2 மெகாபைற்று டிரைவ் கிடைத்தால் அதனைப் படிப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம். அதன் தலை ஒடுக்கமானது. பழைய அகலத் தடத்தின்மேல் ஒடுக்கமாக எழுதிவிட்டால் ஓரங்களிற் பழைய எழுத்தின் மிச்சம் நின்று 360 டிரைவைக் குழப்பும்.

படிக்கத் தொடங்கியதும் அன்றைக்கே பிரதி எடுத்துவிடவேண்டும். கிறீஸ்வீசில் என்ற சிறு பலகை ஒன்று இப்போது கிடைக்கிறது. பழைய டிரைவின் 34 இழை நாடாவை இன்றைய கணினியின் யூ.எஸ்.பி. துளையோடு அது இணைத்து, தடத்தில் உள்ள காந்த மாற்றங்களை அப்படியே பதிந்து தரும். ஓரிடம் தெளிவாக வராவிட்டாலும் பலமுறை பதிந்து பின்னர் ஆராயலாம்.

மாணவ அன்பர் இரண்டு டிரைவ்களிலும் ஒட்டியுள்ள சீட்டைப் பார்த்து, நிறுவனத்தின் பெயரையும் மாதிரி இலக்கத்தையும் நமக்கு எழுதுவாராக. பலகை மாற்றலாமா என்பதை அவை கிடைத்தபின் சொல்லுவோம். அதுவரை பழைய டிரைவ் வட்டுப் பெட்டியோடு ஒன்றாக இருக்கட்டும்.