கொண்டை ஊசி 71!

காரவள்ளி அடிவாரத்துல ஆரம்பிச்சு கொல்லிமலைக்கு மேல போறதுக்குள்ள மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. பஸ்ல ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடாம, எலுமிச்சம்பழம் மோந்து பாக்காம வந்தவங்க கை தூக்குங்க! ஆனா, போர்டே வைக்காத 71-வது வளைவு ஒண்ணு இருக்கு பாஸ். மலை மேல காபியும் மிளகும் போட்டிருக்கிற வீட்டுல இருந்து ஒரு பையன் துபாய்க்கோ தோஹாவுக்கோ வேலைக்குக் கிளம்புற அன்னிக்கு அது ஆரம்பிக்குது. அதுதான் வருமான வரி.

'என்.ஆர்.ஐ. ஆயிட்டா இந்தியாவுல டாக்ஸே கிடையாது மச்சி'ங்கிறது நம்ம கேன்டீன் வேதம். பாதிதான் சரி. வெளிநாட்டுல உழைச்சு வாங்குற சம்பளத்துக்கு இங்க வரி கிடையாது. ஆனா இந்தியாவுல முளைக்கிற பணத்துக்கு, அதாவது வீட்டு வாடகை, டெபாசிட் வட்டி, ஷேர் லாபம் எல்லாத்துக்கும் கணக்கு காட்டியே ஆகணும்.

யார் என்.ஆர்.ஐ.? சட்டம் பாஸ்போர்ட்டைப் பாக்குறதில்ல, நாளை எண்ணுது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைக்கும் இந்தியாவுல 182 நாள் இருந்தா நீங்க உள்ளூர் ஆளு. வேலைக்காக வெளிநாடு போற வருஷமும் இதே கணக்குதான். அதனால செப்டம்பர் 28-க்குள்ள ஃப்ளைட் ஏறினா அந்த வருஷமே என்.ஆர்.ஐ. அக்டோபர்ல ஏறினா, மார்ச் வரைக்கும் வாங்குற துபாய் சம்பளத்தையும் இங்க காட்டணும். விசா எப்ப வரும்னு நம்ம கைல இல்லைதான். ஆனா கிளம்புற தேதியைத் தேர்வு பண்ணலாம்னா, ஜோசியரைப் பாக்குறதுக்கு முன்னாடி காலண்டரைப் பாருங்க!

லீவுக்கு வந்து போறவங்களுக்கும் அதே 182 நாள்தான். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினா மட்டும் அது 120 நாளா குறையும். 2020 பட்ஜெட்ல வந்த மாத்தம் இது. 'எந்த நாட்டுலயும் வரி கட்டாத இந்தியரை இங்க வசிக்கிறவராவே எடுத்துக்குவோம்'னு அதே பட்ஜெட்ல ஒரு வரி வரவும் வளைகுடா முழுக்க பதறிப் போச்சு. பிப்ரவரி 1-ம் தேதி அறிவிப்பு, மறுநாளே மத்திய அரசு விளக்கம்! அங்க உழைக்கிறவங்க சம்பளத்து மேல கை வைக்கலைனு சொன்னாங்க. அந்த விதிக்கும் 15 லட்ச வரம்பு வெச்சுதான் கடைசியா சட்டமாச்சு.

இப்ப தோட்டத்துக்கு வருவோம். விவசாய வருமானத்துக்கு மத்திய அரசோட வருமான வரி கிடையாது. இந்திய மண்ணுல விளைஞ்சதுனா ஓனர் ஷார்ஜாவுல இருந்தாலும் அப்படித்தான். பலாவும் அன்னாசியும் சோளக்காடு சந்தைக்குப் போனா பிரச்னையே இல்லை. மிளகைக் காய வெச்சு வித்தாலும் ஓகே. மாட்டிக்கிறது காபி!

பறிச்ச பழத்தை அப்படியே வியாபாரிக்குப் போட்டா முழுக்க விவசாயம். அதையே நீங்களே பதப்படுத்தி காபிக்கொட்டையா வித்தா லாபத்துல 25 சதவீதம் வியாபாரக் கணக்குல போயிடும். இன்னும் ஒரு படி மேல போய், வறுத்து, அரைச்சு, 'எங்க மலைக் காபி'னு பாக்கெட் போட்டு இன்ஸ்டாகிராம்ல வித்தா 40 சதவீதம். வருமான வரி விதிகள்ல 7பினு இதுக்குத் தனியா ஒரு விதியே இருக்கு. நாலு லட்சம் லாபம்னா பழைய மாதிரி பழமா வித்தவருக்கு வரிக்குரிய வருமானம் பூஜ்யம். பொடியா வித்தவருக்கு 1,60,000. ஸ்டார்ட்-அப் ஐடியாவோட அலையுற நம்ம ஆளுங்க இதை நோட் பண்ணுங்க.

அடுத்ததுதான் நிஜமாவே வயித்துல புளியைக் கரைக்கிற மேட்டர். இது வரிச் சட்டம் இல்லை, அந்நியச் செலாவணி சட்டம். வெளிநாட்டுல வசிக்கிற இந்தியர் இங்க ஃப்ளாட் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூணும் வாங்க முடியாது. சரி, அப்பா பாசத்துல 'பையன் பேர்ல எழுதி வெச்சிடறேன்'னு தான செட்டில்மென்ட் போட்டா? அதுவும் கூடாது, ரிசர்வ் வங்கி அனுமதி வேணும். வாரிசுரிமையில வந்தா மட்டும் தாராளமா வெச்சுக்கலாம். உள்ளூர்ல இருந்தப்போ வாங்கின நிலத்துக்கும் பிரச்னை இல்லை. ஆக, அதே பத்திரத்தைப் பையன் விமானம் ஏறுறதுக்கு முன்னாடி எழுதினா செல்லும், ஏறி அங்க வேலைல உட்கார்ந்த பிறகு எழுதினா சிக்கல். எத்தனை அப்பாக்களுக்கு இது தெரியும்?

விக்கிறதுல ஒரு ஆறுதல் இருக்கு. கொல்லிமலை ஊராட்சிகள் மாதிரி கிராமப்புற விவசாய நிலம்னா வித்த லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனா, வாங்குறவர் இந்தியாவுலயே வசிக்கிற இந்தியரா இருக்கணும்.

பேங்க் கதையும் கேளுங்க. வெளிநாடு போனதும் பழைய சேவிங்ஸ் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்கா மாத்தணும். அதுல வர்ற வட்டியில 31.2 சதவீதத்தைப் பேங்க் முன்கூட்டியே பிடிச்சிடும். 80,000 ரூபாய் வட்டினா 24,960 ரூபாய் காலி! அவருக்கு இந்தியாவுல வேற வருமானமே இல்லைனா கட்ட வேண்டிய வரி பூஜ்யம்தான். பிடிச்ச பணம் திரும்பி வரணும்னா ஐ.டி.ஆர்.-2 படிவத்துல ஜூலை 31-க்குள்ள ரிட்டர்ன் போடணும். 'வரியே இல்லையே, எதுக்கு ரிட்டர்ன்?'னு சும்மா இருந்தா பணம் அரசாங்கத்துக்கிட்டயே இருக்கும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை என்.ஆர்.இ. கணக்குல போட்டா அந்த வட்டிக்கு வரியே இல்லைங்கிறது வேற விஷயம்.

இன்னொரு வஞ்சனையும் உண்டு. '12 லட்சம் வரைக்கும் வரி இல்லை'ங்கிற தள்ளுபடி உள்ளூர்வாசிக்கு மட்டும்தான். இந்தியாவுல ஆறு லட்சம் வரிக்குரிய வாடகை வர்ற என்.ஆர்.ஐ. புது முறையில 10,400 ரூபாய் கட்டணும். அதே ஆறு லட்சத்துக்குச் சேலத்துக்காரர் கட்டுறது ஜீரோ. (2025-ம் வருஷத்துப் புது வருமான வரிச் சட்டத்தோட அமல் தேதி 2026 ஏப்ரல் 1. இங்க சொல்ற எண்கள் எல்லாம் 1961 சட்டப்படி 2025-26 வருமானத்துக்கானது.)

மலைவாழ் மக்களுக்கு வரியே கிடையாதுன்னும் ஒரு பேச்சு ஓடுது. பழங்குடியினருக்கு அப்படி ஒரு விலக்கு இருக்கறது நிஜம். ஆனா அது நாகாலாந்து, மிசோரம் மாதிரி வடகிழக்குப் பகுதிகளுக்கும் லடாக்குக்கும்தான். கொல்லிமலை மலையாளிகள் பழங்குடிப் பட்டியல்ல இருந்தும் இந்த விலக்கு அவங்களுக்கு இல்லை. ஏன் இங்க மட்டும் இல்லைன்னு கேட்டா எனக்கு நியாயமா ஒரு பதில் கிடைக்கலை.

எம்.எஸ். படிக்க அமெரிக்கா போறவங்களுக்கு: எஃப்-1 விசாவுல பத்து பைசா சம்பாதிக்கலைனாலும் 8843-னு ஒரு படிவம் அனுப்பணும். கேம்பஸ்ல வேலை பார்த்துச் சம்பளம் வாங்கினா கூடவே 1040-என்.ஆர். அதை நிரப்புறப்ப 'ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்' எடுக்க இந்திய மாணவர்களுக்கு உரிமை உண்டு. வேற நாட்டு மாணவர்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது கிடைக்காது. இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தோட 21-வது ஷரத்து தர்ற சலுகை, விட்டுடாதீங்க.

உங்க கிளாஸ்ல அமெரிக்காவுல பிறந்து இங்க வந்து படிக்கிற நீல பாஸ்போர்ட் பார்ட்டி யாராவது இருக்காங்களா? அவங்க நிலைமை தலைகீழ். அமெரிக்கா நாளை எண்ணுறதில்லை, குடியுரிமையைப் பாக்குது. நாமக்கல் ஹாஸ்டல்ல இருந்தாலும் வருமானம் வரம்பைத் தாண்டினா அங்க ரிட்டர்ன் போடணும். அப்பாவோட ஜாயின்ட் அக்கவுன்ட் உட்பட இந்தியக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருஷத்துல ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலே தனியா தகவல் கொடுக்கணும். 2015-ல போட்ட ஒப்பந்தப்படி இந்த விவரங்கள் இங்கிருந்து அங்க போயிட்டுத்தான் இருக்கு. வெளிநாட்டுல வசிக்கிறவங்களுக்கு ரிட்டர்ன் போட ஏப்ரல் 15-க்குப் பதிலா ஜூன் 15 வரைக்கும் டைம் உண்டு. செமஸ்டர் லீவுதானே, பிடிச்சு உட்கார வைங்க!