வானிலிருந்து வெப்பமும் ஈரமும் அளத்தல்: ஆறு வாதங்களும் மறுப்பும்

வளிமண்டலத்தின் வெப்பநிலையும் ஈரப்பதமும் உயரத்துக்கு உயரம் மாறுகின்றன. தரையில் தொடங்கிப் பல கிலோமீட்டர் வரை அந்த மாற்றத்தை அடுக்கடுக்காகச் சொல்லும் விவரம்தான் மழைக் கணிப்பின் அடித்தளம். உலகம் முழுவதற்கும் அதை நாள்தோறும் திரட்டித் தருபவை துருவங்களின் மேலாகச் சுற்றிவரும் வானிலைச் செயற்கைக்கோள்கள். தரையிலிருந்து 820 முதல் 850 கி.மீ. உயரத்தில், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 101 நிமிடம் என்ற வேகத்தில், அவை நாளொன்றுக்குப் பதினான்கு முறை பூமியை வலம்வருகின்றன.

சென்னையில் இந்தக் கோள்களின் மீது நம்பிக்கை குறைவு. 2021 டிசம்பர் 30 அன்று, பெருமழைக்கு முன்னெச்சரிக்கை இல்லாத நிலையில், நண்பகலுக்குப் பின் பிடித்த மழை இரவுக்குள் மயிலாப்பூரில் 20 செ.மீ.யைத் தாண்டியது. தி.நகர்த் தெருக்கள் குளமாயின. வேலை முடித்துக் கிளம்பியவர்கள் மணிக்கணக்கில் சாலையிலேயே நின்றனர். மின்சாரம் பாய்ந்து மூவர் உயிரிழந்தனர். வானிலைத் துறையின் கணிப்புத் திறனை மேம்படுத்தக் கோரித் தமிழ்நாடு முதலமைச்சர் ஒன்றிய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதைத் தொடர்ந்து வலுப்பெற்ற ஒரு கூற்று நியாயமானதல்ல: “செயற்கைக்கோள் மேகத்தைப் படம்தான் எடுக்கும், காற்றுக்குள் இருக்கும் சூட்டையும் ஈரத்தையும் அதனால் அளக்க முடியாது, நம் ஊர் மழைக்கு அது உதவாது.” இந்தக் கூற்றுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்கள் ஆறு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வாதம் 1: செயற்கைக்கோளுக்குத் தெரிவது மேகத்தின் மேற்பரப்பு மட்டுமே

தொலைக்காட்சியில் காட்டப்படும் வெள்ளை மேகப் படத்தைப் பொறுத்தவரை இது சரி. வெப்பநிலையை அடுக்கடுக்காக அளக்கும் ‘சவுண்டர்’ என்ற கருவி வேறு வகை. அது படம் எடுப்பதில்லை. காற்றே உமிழும் கதிர்வீச்சைப் பல அலைநீளங்களில் தனித்தனியாக அளக்கிறது.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தில் நீர் தெளிந்திருந்தால் ஆழத்தில் இருக்கும் படிகளும் தெரியும். கலங்கியிருந்தால் மேல்படி மட்டுமே தெரியும். வளிமண்டலம் ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்கிறது. சில அலைநீளங்களில் அது கலங்கிய நீர், சிலவற்றில் தெளிந்த நீர். காற்றில் 21 விழுக்காடாக எங்கும் சீராகக் கலந்திருக்கும் ஆக்சிஜன், 50 முதல் 60 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள நுண்ணலைகளை உறிஞ்சி உமிழ்கிறது. உறிஞ்சல் கடுமையாக உள்ள அலைவரிசையில், கோளை எட்டுவது மேலடுக்கு உமிழ்ந்த கதிர் மட்டுமே. உறிஞ்சல் குறையக் குறைய, கீழடுக்குகளின் கதிரும் வந்து சேர்கிறது. ஆக்சிஜனின் அளவு மாறாதது என்பதால், கதிரின் வலிமையில் காணும் வேறுபாடு வெப்பநிலையைச் சொல்கிறது. அகச்சிவப்பில் இதே வேலையை 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் கார்பன் டை ஆக்சைடு செய்கிறது.

ஈரத்துக்கு 183 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகள் பயன்படுகின்றன. அங்கே உறிஞ்சுவது நீராவி. காற்றில் நீராவி மிகுந்தால், கோளை எட்டும் கதிர் உயரமான, குளிர்ந்த அடுக்கிலிருந்து வரும். அலைவரிசை குளிர்ச்சியாகத் தெரியும். வறண்டிருந்தால் கீழே உள்ள வெதுவெதுப்பான அடுக்கு வரை பார்வை இறங்கும்.

இந்த முறையை அறிவியலாளர் லூயிஸ் கேப்லன் 1959இல் முன்மொழிந்தார். 1969 ஏப்ரலில் ஏவப்பட்ட நிம்பஸ்-3 கோள் அதைச் செய்து காட்டியது. 1998இல் நோவா-15 கோளில் சென்ற ஆம்சு-ஏ நுண்ணலைக் கருவிக்கு 15 அலைவரிசைகள். 2006இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் மெட்டாப்-ஏ கோளில் இருந்த ஐயாசி அகச்சிவப்புக் கருவிக்கு 8,461 அலைவரிசைகள். அரை நூற்றாண்டுக்கு மேல் புழக்கத்தில் உள்ள முறை இது.

வாதம் 2: கணக்குப் போட்டுப் பெறுவது அளவீடு ஆகாது

தொடாமல் வெப்பம் அளப்பதைச் சென்னை மக்கள் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். கொரோனா காலத்தில் தி.நகர் ஜவுளிக்கடை வாசல்களில் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட கருவி, தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அளந்து அதை டிகிரியாக மாற்றிக் காட்டியது. கோளில் உள்ள கருவியின் அடிப்படையும் அதுதான்; துல்லியத்துக்கான ஏற்பாடு மட்டும் மிகக் கடுமையானது. ஆம்சு-ஏ எட்டு விநாடிக்கு ஒரு முறை பூமியின் குறுக்கே பார்வையை ஓட்டுகிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு இடங்களைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஒன்று, தனிச்சுழிக்கு 2.7 டிகிரி மட்டுமே மேலே உள்ள ஆழ்ந்த விண்வெளி. மற்றொன்று, கருவிக்குள்ளேயே வைக்கப்பட்டு, பிளாட்டினம் வெப்பமானிகளால் கண்காணிக்கப்படும் கரிய பரப்பு. தெரிந்த குளிருக்கும் தெரிந்த சூட்டுக்கும் நடுவில் பூமியின் கதிர் எங்கே நிற்கிறது என்பதே அளவீடு.

இந்த வாதத்தில் ஓர் உண்மை உண்டு. ஒரே கதிர் அளவுகளைத் தரக்கூடிய வெப்ப அடுக்குகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. அளவீட்டை மட்டும் வைத்து ஒரே விடைக்கு வர முடியாது. நுண்ணலைக் கருவி பிரித்துக் காட்டும் அடுக்குகள் பல கிலோமீட்டர் தடிமன் கொண்டவை. அகச்சிவப்புக் கருவியின் வடிவமைப்பு இலக்கு, தெளிந்த வானில் ஒரு கிலோமீட்டர் அடுக்குக்கு ஒரு டிகிரி துல்லியம். அதனால்தான் 1990களிலிருந்து பெரிய கணிப்பு மையங்கள் வழியை மாற்றிக்கொண்டன. கதிரை வெப்பநிலையாக மாற்றிப் பிறகு பயன்படுத்துவதற்குப் பதிலாக, கணினி மாதிரியில் உள்ள காற்று எவ்வளவு கதிரை உமிழும் என்று கணக்கிட்டு, கோள் அளந்த கதிரோடு நேருக்கு நேர் ஒப்பிட்டு, மாதிரியைத் திருத்துகின்றன. நொய்டாவில் உள்ள தேசிய நடுத்தர வரம்பு வானிலை முன்கணிப்பு மையமும் இப்படித்தான் செய்கிறது. குறை தெரிந்து, அதற்கு ஏற்பக் கையாளப்படும் அளவீடு ஊகம் ஆகாது.

வாதம் 3: மீனம்பாக்கத்துப் பலூன் போதும்

மீனம்பாக்கத்திலிருந்து வானிலைப் பலூன் காலையும் மாலையும் பறக்கிறது. இந்திய நேரப்படி 5.30 மணிக்கு உரிய அளவீடுகள் அவை. பலூனின் கீழே நூலில் தொங்கும் சிறு பெட்டியில் வெப்ப உணரியும் ஈர உணரியும் ரேடியோ அலைபரப்பியும் உண்டு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் வீதம் ஏறி, மேலே காற்றழுத்தம் குறையக் குறையப் பருத்து, சுமார் 30 கி.மீ. உயரத்தில் பலூன் வெடிக்கும். அதுவரை சில விநாடிக்கு ஒரு முறை அளவுகள் வந்துகொண்டிருக்கும். செங்குத்துத் துல்லியத்தில் எந்தக் கோளும் இதற்கு ஈடில்லை.

ஆனால் பலூன் சொல்வது அது ஏறிச்சென்ற ஒற்றை வழியின் கதை. சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகப் பொழிகிறது. அந்த ஈரம் வருவது வங்கக் கடலிலிருந்து. காரைக்கால், சென்னை, மசூலிப்பட்டினம், விசாகப்பட்டினம் என்று கரையோரம் பலூன் நிலையங்கள் உண்டு. கடலுக்கு அப்பால் அடுத்த நிலையம் போர்ட் பிளேர். சென்னையிலிருந்து 1,300 கி.மீ.க்கு மேல். நடுவில் இருப்பது வெறும் கடல். நாளை அடையாறில் பெய்யப்போகும் ஈரம் இன்று அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது. துருவக் கோளின் பார்வை 2,200 கி.மீ. அகலமானது; ஒரே கடப்பில் வங்கக் கடலைப் பெரும்பாலும் அளந்துவிடுகிறது.

பெரும்பகுதி கடலான தென்னரைக்கோளம் இதற்குச் சான்று. 1980களில் அங்கே ஐந்து நாள் கணிப்பு வடவரைக்கோளத்தைவிடத் தெளிவாகப் பின்தங்கியிருந்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தரத்துக்கு வந்தன. இடைப்பட்ட காலத்தில் அங்கே பலூன் நிலையங்கள் பெருகவில்லை. கோள் அளவீடுகளும் அவற்றைப் பயன்படுத்தும் முறையும் வளர்ந்தன. பலூனும் கோளும் ஒன்றுக்கொன்று போட்டியும் அல்ல: கோளின் அளவுகளைச் சரிபார்க்கும் உரைகல்லாகப் பலூன் இன்றும் தேவைப்படுகிறது.

வாதம் 4: மழைக்காலத்தில் மேகம் கண்ணை மறைத்துவிடும்

அகச்சிவப்புக் கருவிக்கு இது பெரும்பாலும் பொருந்தும். கனத்த மேகம் இருந்தால் அதன் உச்சிக்குக் கீழே அகச்சிவப்பால் பார்க்க முடியாது. நுண்ணலைக்கு இது பொருந்தாது. 50 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகள், மழை பொழியாத மேகங்களைப் பெரும்பாலும் ஊடுருவுகின்றன. கடும் மழையும் பெரிய பனித்துகள்களும் மட்டுமே அவற்றைக் குழப்புகின்றன.

புயல் ஒன்றே இதற்குப் போதிய சான்று. புயலின் மையத்தில், ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் உயரத்தில், காற்று சுற்றுப்புறத்தைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும். மேல்மேகப் படலம் அந்தச் சூட்டை மூடியிருக்கும். மேகப் படத்தில் அது தெரியாது. ஆம்சு வகைக் கருவியின் 55 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அந்தச் சூடான மையம் தெளிவாகப் புலப்படும். அதன் அளவைக் கொண்டு புயலின் வலிமையை மதிப்பிடும் முறைகளும் உள்ளன.

வாதம் 5: இன்சாட் எப்போதும் நம் தலைக்கு மேல் இருக்கும்போது துருவக் கோள் எதற்கு

இன்சாட்-3டி (2013), 3டிஆர் (2016), 3டிஎஸ் (2024) ஆகிய மூன்றும் 36,000 கி.மீ. உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுழல்பவை. ஒவ்வொன்றிலும் 18 அகச்சிவப்பு அலைவரிசைகள் கொண்ட சவுண்டர் உண்டு. அடிக்கடி பார்ப்பது அவற்றின் பலம். ஆனால் அவற்றில் நுண்ணலை சவுண்டர் இல்லை, காரணம் தூரம். ஆம்சு-ஏயின் பார்வைக் கூம்பு 3.3 டிகிரி. துருவக் கோளின் உயரத்திலிருந்து அது தரையில் 48 கி.மீ. அகல வட்டம். அதே கூம்பை இன்சாட்டின் உயரத்துக்குக் கொண்டுபோனால் வட்டத்தின் அகலம் 2,000 கி.மீ.யைத் தாண்டும், சென்னையும் தில்லியும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். அதைக் குறுக்க மிகப் பெரிய அலைவாங்கி வேண்டும். மேகத்துக்குள் பார்க்கும் கண் இன்றைக்குத் தாழ்ந்த சுற்றுப்பாதையில் இருப்பதற்கு இயற்பியலே காரணம்.

துருவக் கோள் நாளுக்கு இரண்டே முறை வரும் என்ற குறையும் ஒரு கோளுக்கு மட்டுமே பொருந்தும். மெட்டாப் கோள்கள் உள்ளூர் நேரம் காலை, இரவு 9.30ஐ ஒட்டியும், அமெரிக்காவின் சுவோமி என்பிபி வரிசைக் கோள்கள் பகல், இரவு 1.30ஐ ஒட்டியும் கடக்கின்றன. 2021இல் ஏவப்பட்ட சீனாவின் ஃபெங்யுன்-3இ காலை, மாலை 5.30ஐ ஒட்டி வருகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே இடைவெளி விழுவது உண்மைதான். அதை நிரப்பத்தான் இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து, 20 டிகிரி மட்டுமே சாய்ந்த பாதையில் மேகா-டிராபிக்ஸ் கோளை 2011 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவின. அதில் 183 கிகாஹெர்ட்ஸ் ஈர சவுண்டர் இருந்தது. தகவல் தாமதமாகிறது என்ற குறைக்கும் விடை உண்டு. கோள் தலைக்கு மேல் கடக்கும் சில நிமிடங்களிலேயே தரவைப் பெற்றுக்கொள்ளும் நேரடி வரவேற்பு நிலையங்களை இந்திய வானிலை ஆய்வுத் துறை தில்லி, குவாஹாத்தி, சென்னை ஆகிய இடங்களில் அமைத்திருக்கிறது.

வாதம் 6: இவ்வளவு இருந்தும் 2021 டிசம்பர் 30 தவறியதே

தவறியது உண்மை. அதிலிருந்து பெறப்படும் முடிவுதான் பிழை. அன்றைய பெருமழை கரையோரத்தில் சில பத்து கிலோமீட்டர் அகலப் பட்டையில், சில மணி நேரத்தில் கொட்டியது. நுண்ணலை சவுண்டரின் ஒரு புள்ளியே அந்தப் பட்டை அளவு இருக்கும். அடுத்தடுத்த கடப்புகளுக்கு இடையே மணிக்கணக்கில் இடைவெளி. தரையை ஒட்டிய ஒரு கிலோமீட்டர் காற்றுதான் அதற்கு மிகவும் மங்கலாகத் தெரியும் பகுதியும். மயிலாப்பூருக்கு மேல் எந்த மேகக் கூட்டம் நிலைகொள்ளும் என்பது இந்தக் கருவியிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல. அதற்கு உரியவை டாப்ளர் ரேடார், நெருக்கமான தானியங்கி மழைமானிகள், சிறு பரப்பை நுணுக்கமாகக் கணக்கிடும் மாதிரிகள். பள்ளிக்கரணையில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில் எக்ஸ்-பேண்ட் ரேடார் 2022 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது இந்தத் திசையில் சரியான அடி.

மறுபக்கம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வேறு வகைக் கேள்வி. அந்தத் தாழ்வுப் பகுதி வலுப்பெற்றுத் தமிழ்நாட்டுக் கரையை ஒட்டி வரும் என்ற எச்சரிக்கை நாட்கள் முன்பே கிடைத்தது. ஆயிரம் கிலோமீட்டர் அளவில் கடல் மேல் காற்று எப்படி இருக்கிறது என்று அறியாமல் அப்படி ஓர் எச்சரிக்கை சாத்தியமில்லை. எச்சரிக்கை வந்தும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியது வடிகாலின் கதை. அதைக் கோளின் கணக்கில் எழுத முடியாது.

ஆகவே ஆறு வாதங்களில் மூன்று உண்மைகள் எஞ்சுகின்றன: சவுண்டரின் அடுக்குகள் தடிமனானவை, அகச்சிவப்பு மேகத்தில் தடைபடும், நகரளவு மழையைத் தனித்துச் சொல்லச் சவுண்டரால் முடியாது. அளக்கவே முடியாது என்பதற்கோ, நம் மழைக்கு உதவாது என்பதற்கோ இவை ஆதாரம் ஆகா. வங்கக் கடலுக்கு மேல் மூன்று முதல் ஐந்து நாள் கணிப்புக்குத் துருவக் கோள், கரையில் அடுக்கு நுணுக்கத்துக்குப் பலூன், அடுத்த மூன்று மணி நேரத்துக்கு ரேடார்: சென்னைக்கு மூன்றும் வேண்டும். ஒன்று தவறிய நாளில் மற்றொன்றைக் குறைத்தால், அடுத்த மழையில் நகரம் இன்னும் குறைந்த பார்வையோடு நிற்கும்.